செர்னியோடு மல்லுக்கட்டாமல் பியானோ பழகுவது எப்படி

பியானோ கிளாசுக்குப் போகிற பிள்ளைகளிடம் செர்னி யார் என்று கேட்டுப்பாருங்கள். அது பியானோ பயிற்சிகள் எழுதிய ஒரு மனிதரின் பெயர் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களுக்கு அது ஒரு புத்தகம், அவ்வளவுதான். பாட்டு வகுப்பில் “வர்ணம் வந்தாச்சா?” என்று கேட்கிற மாதிரி பியானோ பக்கம் “செர்னி எத்தனை முடிச்சே?” என்று கேட்பார்கள். நானும் அப்படி முடித்தவன்தான், முடிக்கப் பார்த்தவன் என்று சொன்னால் சரியாக இருக்கும். ஓபஸ் 299 என்ற புத்தகம் (ஓபஸ் என்பது ஒருவருடைய படைப்புக்கான வரிசை எண்), நாற்பது பயிற்சிகள். ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் போக வேண்டும், ஒன்று சுத்தமாக வராமல் அடுத்ததைத் தொடக்கூடாது என்பது கட்டளை. ஒன்றரை வருடம் ஓடியது. பதினேழாவதில் நின்றேன். சாயங்காலமானால் வலது முன்கையில் கம்பி இழுத்துக் கட்டிய மாதிரி ஒரு வலி, மூடியைத் திறக்கவே மனசு வராத அலுப்பு, இரண்டும் சேர்ந்து ஆறு மாதம் பியானோ பக்கமே போகவில்லை.

வெகுநாள் கழித்து, அந்த மனிதர் 1842-ல் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிவைத்த சின்ன நினைவுக்குறிப்பு கையில் கிடைத்தது. படித்து முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் இப்படிப் படிக்கவும் இல்லை, இப்படிச் சொல்லித்தரவும் இல்லை! அவர் பெயரைச் சொல்லி நாம்தான் இப்படிச் செய்துகொண்டிருக்கிறோம். அதனால் இங்கே நான் சொல்லப்போவது, அவருடைய பயிற்சிகளை அவர் பழகிய விதத்திலும் பழக்கிய விதத்திலும் எடுத்துக்கொள்வது எப்படி என்று. தானாகப் பழகுகிறவர்களுக்கும் இது உதவும், நாலு பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கார்ல் செர்னி 1791 பிப்ரவரி 21 அன்று வியன்னாவில் பிறந்தார். அப்பா வென்சல் பொஹீமியாக்காரர், அவரும் பியானோ வாத்தியார்தான். வீட்டில் பேசியது செக் மொழி. பையன் மூன்று வயதில் வாசித்தான், ஏழு வயதில் சொந்தமாக எழுதத் தொடங்கினான். அப்பா அவனை மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து திரிய விடவில்லை. கையில் காசும் இல்லை. அதனால் தன்னிடம் பியானோ படிக்க வந்த சிலரிடம் கட்டணத்துக்குப் பதிலாக “என் பையனுக்கு பிரெஞ்சும் இத்தாலியனும் ஜெர்மனும் சொல்லிக்கொடுங்கள்” என்று ஏற்பாடு செய்துகொண்டார். நம் ஊர் அப்பாக்கள் சிலரை எனக்கு நினைவுபடுத்துகிற ஏற்பாடு இது.

ஆனால் அந்த அப்பா ஒரு காரியத்தை ரொம்பச் சரியாகச் செய்தார். ஒரே உருப்படியை மாதக்கணக்கில் தேய்த்துப் பளபளப்பாக்கி மேடையேற்றவில்லை, புதிது புதிதாக நோட்டைக் கொடுத்துப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வைத்தார். பத்து வயதுக்குள் மொசார்ட், கிளெமென்டி இவர்களுடைய பியானோ உருப்படிகள் பெரும்பாலும் பையன் கைக்கு வந்துவிட்டன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

குடும்ப நண்பரான க்ரும்ஃபோல்ட்ஸ் என்ற வயலின்காரர்தான் பத்து வயதுப் பையனை பெத்தோவன் வீட்டுக்குக் கூட்டிப்போனவர். பல மாடி ஏறிப் போனால், காகிதமும் துணியும் இறைந்து கிடக்கிற ஒரு அறை, அதில் சவரம் செய்யாத கறுத்த முகமும் சிலுப்பிய தலையுமாக ஒருத்தர், காதில் ஏதோ மஞ்சள் மருந்தில் நனைத்த பஞ்சு. ராபின்சன் குரூசோ மாதிரி இருந்தார் என்று செர்னி எழுதுகிறார். பையன் மொசார்ட்டின் ஒரு சி மேஜர் கான்செர்ட்டோவும், அப்போது புதிதாக வந்திருந்த பெத்தோவனின் ‘பதெடிக்’ சொனாட்டாவும் வாசித்தான். இவனிடம் திறமை இருக்கிறது, நானே சொல்லித்தருகிறேன், வாரத்தில் சில நாள் அனுப்புங்கள் என்று பெத்தோவன் ஒத்துக்கொண்டார்.

சரி, பதெடிக் வாசிக்கிற பையனுக்கு பெத்தோவன் முதலில் என்ன சொல்லித்தந்தார்? ஸ்கேல், அதாவது சுரங்களை வரிசையாக ஏற்றி இறக்கி வாசிப்பது. எல்லா ஸ்கேலும். கை எப்படி இருக்க வேண்டும், விரல் எப்படி வளைய வேண்டும், முக்கியமாகக் கட்டைவிரலை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று. அதன்பிறகு சுரத்துக்குச் சுரம் இடைவெளி விழாமல் இழைத்து வாசிக்கிற லெகாட்டோ.

1805 டிசம்பரில் பெத்தோவன் ஒரு நற்சான்றிதழும் எழுதிக்கொடுத்தார், ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்ய. ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் நெப்போலியன் படை வியன்னாவுக்குள் நுழைந்திருந்தது. பயணம் நடக்கவில்லை. தன் வாசிப்பில் ஜனங்களை மயக்குகிற ஜாலவித்தை இல்லை என்றும் செர்னி நேர்மையாக ஒத்துக்கொள்கிறார். பதினைந்து வயதில் பாடம் சொல்லித்தரத் தொடங்கினார். போகப்போக ஒரு நாளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு பாடம் என்ற அளவுக்குப் போய், 1836-ல் நிறுத்துகிற வரைக்கும் அப்படியே ஓடியது. ராத்திரியில் உட்கார்ந்து எழுதுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பா அம்மா இருந்த வரைக்கும் அவர்களோடுதான் இருந்தார், வீடு நிறையப் பூனைகள். 1857 ஜூலை 15-ல் இறந்தபோது ஓபஸ் எண் 861-ஐத் தொட்டிருந்தது.

861! இதில் சிம்பொனி உண்டு, தேவாலய வழிபாட்டுக்கான மாஸ் உண்டு, சொனாட்டா உண்டு. கணிசமான பங்கு மாணவர்களுக்கான பயிற்சி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு விதமான கைகளைப் பார்க்கிறவர், ஒவ்வொரு கைக்கும் ஒரு குறை இருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை எழுதியிருக்க முடியும் என்பது என் கணிப்பு. ஒருத்தனுக்கு நாலாவது விரல் தூங்கும், இன்னொருத்தனுக்கு இடது கை பின்னாலேயே வரும். அதாவது இது ஒரு நாட்டு மருந்துக் கடை. கடைக்குள் போய் முதல் அலமாரியின் முதல் டப்பாவில் ஆரம்பித்து வரிசையாகத் தின்றுகொண்டே யாராவது வருவார்களா? நான் வந்தேன், பதினேழாவது டப்பா வரைக்கும்.

எந்தப் புத்தகம் வாங்குவது

முதலில், வாங்கவே வேண்டாம். மனிதர் போய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, காப்புரிமை எதுவும் கிடையாது. ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகத்தில் பழைய பதிப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வேண்டிய பக்கத்தை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் பக்கமாக எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, புத்தகத்தை முடிக்க வேண்டும் என்ற அரிப்பு வராது.

அப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் ஓபஸ் 599. நூறு துண்டுகள். ஆரம்பப் பக்கங்களில் இரண்டு கைக்குமே ட்ரெபிள் க்ளெஃப்தான் (மேல் சுரங்களுக்கான குறி) போட்டிருக்கும், சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுத்துப்போகும், பெரியவர்களாக இருந்தால் பாஸ் க்ளெஃப் (கீழ்ச் சுரங்களுக்கான குறி) வருகிற இடத்துக்குத் தாவிவிடலாம். அடுத்தது ஓபஸ் 139. இதிலும் நூறு. என்னைக் கேட்டால் அவர் எழுதியதில் ரொம்பப் பயனுள்ளது இதுதான், ஆனால் எல்லாரும் 299-க்கு ஓடுகிற அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 849-ல் முப்பது இருக்கின்றன, 299-க்கு முன்னால் கையைத் தயார்செய்ய நல்லது. 299-ல் நாற்பது, 740-ல் ஐம்பது. 740 நம்மில் பல பேருக்குத் தேவையே படாது, அதற்காக வருத்தப்படவும் வேண்டாம்.

இதெல்லாம் போக ஓபஸ் 821 என்று ஒன்று இருக்கிறது. நூற்றி அறுபது பயிற்சி, ஒவ்வொன்றும் எட்டே பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்). வேலைக்குப் போய்விட்டு வந்து இருபது நிமிடம் மட்டும் உட்காரக் கிடைக்கிறவர்களுக்கு இதைவிடத் தோதானது இல்லை. எட்டு பாரில் ஒரே ஒரு விஷயம், வந்ததா வரவில்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

நமக்கு எது தேவை என்று தெரியாவிட்டால், ஹைன்ரிஷ் கெர்மர் என்ற ஜெர்மன் ஆசிரியர் செர்னியின் பல புத்தகங்களிலிருந்து பொறுக்கித் தொகுத்த பதிப்பு இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். பொறுக்கி எடுப்பது பாவம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் பொறுக்குவதற்கு முன்னால் உங்கள் குறை என்ன என்று தெரிய வேண்டும். இப்போது வாசித்துக்கொண்டிருக்கிற உருப்படியை போனில் பதிவுசெய்து, வாசித்த அன்றைக்குக் கேட்காமல் மறுநாள் காலையில் கேளுங்கள். எங்கே ஓட்டம் தடுக்குகிறது, எந்தக் கை பிந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓடுகிற ஸ்கேலா, உடைந்த கார்டா (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம்தான் கார்டு, அதை ஒவ்வொரு சுரமாகப் பிரித்து வாசிப்பது), ஒரே கட்டையை விரல் மாற்றி அடிக்கிற இடமா, இரட்டை சுரமா? அந்த வகைப் பயிற்சி ஒன்று, அதிகபட்சம் இரண்டு. போதும்.

ஒரு பயிற்சியை எப்படிப் பிடிப்பது

ஓபஸ் 299-ன் முதல் எண்ணையே எடுத்துக்கொள்வோம். சி மேஜர். வலது கை ஸ்கேலாக ஓடும், இடது கை கார்டு வைத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது எண்ணில் ஓட்டம் இடது கைக்குப் போய்விடும். அதனால் இவை இரண்டையும் ஜோடியாகப் பழகுவதுதான் புத்தி. வலது கைக்காரர்கள் ஒன்றை மூன்று மாதம் ஊதித் தள்ளிவிட்டு இரண்டில் போய் முட்டிக்கொள்வார்கள்.

கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5 என்பது விரல் எண். சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்பவை சுரங்களின் பெயர். சி-யிலிருந்து ஏறும்போது 1 2 3 என்று மூன்று கட்டை, அப்புறம் கட்டைவிரல் உள்ளே புகுந்து எஃப் மேல் உட்கார்ந்து 1 2 3 4, மறுபடி கட்டைவிரல் புகுந்து மேல் சி. ஆக ஒரு ஆக்டேவுக்கு (ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரைக்கும்) இரண்டு திருப்பம், மூன்றுக்குப் பின்னால் ஒன்று, நாலுக்குப் பின்னால் ஒன்று. ஸ்கேலில் கோளாறு என்று ஏதாவது இருந்தால் பத்துக்கு ஒன்பது இந்த இரண்டு இடத்தில்தான் இருக்கும். கட்டைவிரல் ‘தொப்’ என்று விழும், அந்த சுரம் மட்டும் உரக்கக் கேட்கும், அதற்கு முந்தின சுரம் கொஞ்சம் நீளும், முழங்கை வெளியே துள்ளும்.

இதைச் சரிசெய்ய முழு ஸ்கேலை நூறு தரம் ஓட்டுவது வீண். ஓட்டினால் ‘தொப்’பும் சேர்ந்து பழகிவிடும். ஈ, எஃப் இந்த இரண்டு கட்டையை மட்டும் 3-1-3-1 என்று மெதுவாக மாற்றி மாற்றி அடியுங்கள். மணிக்கட்டு மேலே கீழே ஆடக்கூடாது. பிறகு டி ஈ எஃப் ஜி, விரல் 2-3-1-2. அடுத்த திருப்பத்துக்கு ஏ பி சி டி, விரல் 3-4-1-2. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டாவது விரல் டி-யை அழுத்துகிற அந்த நொடியே கட்டைவிரல் உள்ளே நகரத் தொடங்கிவிட வேண்டும், மூன்றாவது விரல் ஈ-யை அடித்த பிறகு அவசரமாகப் பாய்ந்தால் துள்ளத்தான் செய்யும். கட்டைவிரல் எஃப் கட்டைக்கு முன்கூட்டியே போய் அதைத் தொட்டபடி காத்திருக்க வேண்டும், பஸ் வருவதற்கு முன்னால் நிறுத்தத்துக்குப் போகிற ஆள் மாதிரி.

சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க, வீட்டில் யாரையாவது முதுகைக் காட்டி உட்காரச் சொல்லி, கட்டைவிரல் எப்போது விழுகிறது என்று கையைத் தூக்கச் சொல்லுங்கள். அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. என் அம்மாவுக்கு சங்கீதம் தெரியாது, ஆனால் ஒரு மாதம் வரைக்கும் ஒரு தரம்கூடத் தப்பாமல் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

இடது கை கார்டைச் சும்மா விட்டுவிடாதீர்கள். ஹேனன் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய விரல் பயிற்சிகளுக்கும் செர்னிக்கும் பெரிய வித்தியாசமே அதுதான். ஹேனனில் விரல் மட்டும் ஓடும். செர்னியில் அடியில் ஒரு ஹார்மனி நகர்ந்துகொண்டே இருக்கும், எங்கே இழுத்துப் பிடிக்கிறது, எங்கே வீட்டுக்கு வந்து சேர்கிறது என்று காது தானாகக் கற்றுக்கொள்ளும். வலது கை ஓட்டத்தை விட்டுவிட்டு இடது கை கார்டுகளை மட்டும் ஒரு தரம் வாசித்துப் பாருங்கள், பயிற்சியின் எலும்புக்கூடு தெரியும்.

எந்தத் தவறை எப்போது திருத்துவது

பெத்தோவன் தான் வளர்த்த தம்பி மகன், கார்ல் என்ற பையனை 1816-லிருந்து செர்னியிடம்தான் பியானோ படிக்க அனுப்பினார். அப்போது, எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று செர்னிக்கு ஒரு கடிதம் எழுதினார். பியானோ கற்பித்தலைப் பற்றி நான் படித்ததிலேயே உருப்படியான சில வரிகள் அவை. அவர் சொல்வதன் சாரம் இது: முதலில் விரல் எண் சரியாக வரட்டும், தாளம் சரியாக வரட்டும், சுரங்கள் ஓரளவு சரியாக வரட்டும். அதுவரைக்கும் வாசிப்பில் உணர்ச்சி வெளிப்படுவதைப் பற்றிப் பேச வேண்டாம். அது வந்த பிறகு, சின்னச் சின்னத் தப்புக்காக நடுவில் நிறுத்த வேண்டாம், உருப்படி முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

‘ஓரளவு சரியாக’ என்பதைக் கவனியுங்கள். அவர் பிசகில்லாமல் என்று சொல்லவில்லை. நாம் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். ஒரு சுரம் தப்பினால் உடனே நிறுத்தி அந்த பாரை மறுபடி தொடங்குவோம். அப்படியே பழகினால் கைக்கு அந்த இடத்தில் நிற்பதுதான் மனப்பாடமாகும். மேடையிலும் கிரேடு தேர்விலும் அதே இடத்தில் நிற்போம், நின்றதற்குத்தான் மதிப்பெண் போகும், தப்பின சுரத்துக்கு அவ்வளவு போகாது.

நான் செய்வது இப்படி. புதுப் பயிற்சி என்றால் முதல் இரண்டு மூன்று நாள் நிறுத்தலாம், விரல் எண்ணைப் பென்சிலால் எழுதலாம், ஒரு பாரை மட்டும் பிரித்து எடுக்கலாம், எல்லாம் செய்யலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முதல் தரம் வாசிக்கும்போது என்ன நடந்தாலும் நிற்பதில்லை. தப்பு விழுந்தால் விழட்டும். முடிந்த பிறகு மூன்று இடம் மட்டும் குறித்துக்கொண்டு அவற்றைத் தனியாகப் பார்ப்பேன். ஏழெட்டு இடம் தோன்றினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

வேகம் என்று வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. அந்தப் பக்கங்களின் தலையில் போட்டிருக்கிற மெட்ரோனோம் எண்ணை (நிமிடத்துக்கு எத்தனை அடி என்கிற வேக எண்) பார்த்துப் பயப்படாதீர்கள். செர்னி காலத்து வியன்னா பியானோ வேறு கருவி. கட்டை லேசாக இருக்கும், ஆழம் குறைவு, சுத்தியல் தோல் போர்த்திய சின்னது, தொட்டால் பேசும். இன்றைய கிராண்ட் பியானோவில் அதே எண்ணைப் பிடிக்கப் போனால்தான் எனக்கு வந்த மாதிரி முன்கை வலி வரும். ஒரு அடிக்கு நாலு சுரம் வீதம் 60-ல் தொடங்கி, தோளும் தாடையும் இறுகாமல் வருகிற வரைக்கும் மட்டும் நாலு நாலாக ஏற்றுங்கள். இறுகினால் எட்டு இறங்குங்கள். அவர் போட்ட எண்ணில் முக்கால்வாசி வந்தாலே கைக்கு வேண்டியது கிடைத்துவிடும். வலி வந்தால் பழகிப்போகும் என்று விடாதீர்கள், அன்றைக்கு மூடிவைத்துவிடுங்கள். வீட்டில் இருப்பது 61 கட்டை கீபோர்டு என்றால் சில ஓட்டங்கள் மேலே இடம் பற்றாமல் போகும், அந்த இடத்தில் ஒரு ஆக்டேவ் இறக்கி வாசித்துக்கொள்ளலாம்.

மனப்பாடம் பண்ணாதீர்கள், மாற்றிக்கொண்டே இருங்கள்

பெத்தோவனுடைய பியானோ உருப்படிகள் செர்னிக்கு மனப்பாடம். இளவரசர் லிஷ்னோவ்ஸ்கியின் மாளிகையில் வாரத்தில் ஒன்றிரண்டு நாள், இளவரசர் ஓபஸ் எண்ணை மட்டும் சொல்வார், பதிமூன்று பதினாலு வயசுப் பையன் நோட்டு இல்லாமல் வாசிப்பான். ஆனால் பெத்தோவனுக்கு இது பிடிக்கவில்லை, இப்படியே போனால் நோட்டைப் பார்த்துச் சட்டென்று வாசிக்கிற திறன் போய்விடும் என்று எச்சரித்தார்.

செர்னி பின்னாளில் இதை மறக்கவில்லை. 1819-ல் அவரிடம் ஒரு எட்டு வயதுப் பையனை அப்பா கூட்டிவந்தார். வெளிறிப்போன, நோஞ்சான் பையன், வாசிக்கும்போது நாற்காலியில் குடித்தவன் மாதிரி ஆடுகிறான், விழுந்துவிடுவானோ என்று தோன்றுகிறது, விரல் எண் என்றால் என்னவென்றே தெரியாது, கை போன போக்கில் கட்டையில் விரலை எறிகிறான். ஆனாலும் இயற்கை அவனுக்குக் கொடுத்திருந்ததைப் பார்த்து செர்னி அசந்துபோனார். அவன்தான் பின்னாளில் பெரிய பியானோ மேதையான ஃபிரான்ஸ் லிஸ்ட். பிறகு குடும்பத்தோடு வியன்னாவுக்கு வந்ததும் பாடம் தொடங்கியது. பகலில் நேரம் இல்லை, ஏறக்குறைய எல்லா சாயங்காலமும் அந்தப் பையனுக்கு. காசு வாங்கவில்லை.

என்ன செய்தார்? முதலில் எல்லா ஸ்கேலும், தாளக்கட்டும். பிறகு கிளெமென்டியின் சொனாட்டாக்கள். பையனுக்கு அது பிடிக்கவில்லை, அவனுக்குப் பட்டாசு மாதிரி ஏதாவது வேண்டும். இவர் விடவில்லை. அதே நேரத்தில் ஒவ்வொரு உருப்படியையும் சீக்கிரம் சீக்கிரம் முடிக்க வைத்து அடுத்ததைக் கொடுத்தார், அதனால் கடினமானதையும் பார்த்ததும் வாசிக்கிற பழக்கம் வந்தது. கருப்பொருள் ஒன்றைக் கொடுத்து அதன்மேல் கற்பனையாக வாசிக்கவும் வைத்தார். ஒன்றரை வருடம்கூட இல்லை, 1823-ல் லிஸ்ட் பாரிஸ் பக்கம் போய்விட்டான். ஆனால் மறக்கவில்லை. 1852-ல் வெளிவந்த அவனுடைய பேர்பெற்ற பன்னிரண்டு ‘ட்ரான்ஸென்டென்டல்’ எட்யூடுகளை (பயிற்சி உருப்படிகளை) தன் வாத்தியாருக்குத்தான் சமர்ப்பித்தான்.

அதனால் ஒரு பயிற்சிக்கு இரண்டு வாரம், மிஞ்சிப்போனால் மூன்று. எண்பது சதம் வந்துவிட்டதா, எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதையே மறுபடி எடுத்தால் தானாகச் சரியாக இருப்பது ஆச்சரியமாக இருக்கும். கூடவே, தினம் ஐந்து நிமிடம், நீங்கள் இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை, உங்கள் தரத்துக்கு இரண்டு படி கீழே உள்ளதாக, மெதுவாக, நிற்காமல் ஒரே தரம் வாசித்துவிட்டு மூடிவிடுங்கள். ஓபஸ் 599-ம் 139-ம் சேர்த்தால் இருநூறு பக்கத்துண்டு இருக்கிறது, அரை வருடத்துக்கு மேல் ஓடும்.

சொல்லித்தருகிறவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு, தெரியும். பெற்றோர் “எந்தப் பயிற்சி வரைக்கும் வந்திருக்கிறான்?” என்றுதான் கேட்பார்கள், எண் ஏறாவிட்டால் பாடம் நடக்கவில்லை என்று நினைப்பார்கள். நான் ஒரு நோட்டுப் போட்டு, என்ன குறை, அதற்கு எந்தப் பயிற்சி, எத்தனை நாள் என்று எழுதிக் காட்டத் தொடங்கினேன். அதற்குப் பிறகு கேள்வி குறைந்தது.

நீங்களே எழுதுங்கள்

செர்னி வாத்தியார் மட்டும் இல்லை, எழுதுகிறவர். இசையமைப்பாளர் என்று மற்றவர்கள் அவரைப் பெரிதாக மதித்தார்களா என்பது வேறு விஷயம். போலந்து இசையமைப்பாளர் ஷோபான் அவரோடு சேர்ந்து வாசித்துவிட்டு, நல்ல மனுஷன், அதற்குமேல் ஒன்றுமில்லை என்கிற ரீதியில் வீட்டுக்கு எழுதினார். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஹோரோவிட்ஸ் என்ற பியானோ கலைஞர் பதிவு செய்திருக்கிற ‘லா ரிகோர்டான்சா’ வேரியேஷன், ஓபஸ் 33, தேடிக் கேளுங்கள். விரல் பயிற்சிக்காரர் எழுதியது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி 1915-ல் எழுதிய எட்யூடுகளில் முதலாவது, ஐந்து விரலுக்கானது, செர்னியின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறது, கொஞ்சம் கிண்டலோடு.

1829-ல் அவர் ஓபஸ் 200 என்று கற்பனை வாசிப்புக்கே ஒரு வழிகாட்டி எழுதினார். உருப்படிக்கு முன்னால் அதே கீயில், அதாவது அதே ஸ்கேலில், நாலைந்து கார்டு உருட்டி, சின்னதாக ஒரு முன்னோட்டம் வாசிப்பது அந்தக் காலத்துப் பழக்கம், ராகத்தைக் கோடிகாட்டிவிட்டுக் கீர்த்தனைக்குப் போகிற மாதிரி. அதை நீங்களும் செய்யலாம். பயிற்சி ஜி மேஜரில் இருந்தால் ஜி, சி, டி, மறுபடி ஜி, நாலு கார்டை உடைத்து மேலும் கீழும் ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள். கை சூடாகும், காது அந்தக் கீயில் உட்காரும்.

அடுத்த படி, உங்கள் குறைக்கு நீங்களே எட்டு பார் எழுதுவது. என்னிடம் படிக்கிற ஒரு வங்கி ஊழியர், நாற்பது தாண்டியவர், இடது கையில் சுண்டுவிரலும் நாலாவது விரலும் ஒட்டிப்பிறந்த மாதிரி சேர்ந்தே விழும். புத்தகத்தில் தேடிக்கொண்டிருக்காமல் அவரையே உட்கார்த்தி எழுதவைத்தேன். இடது கைக்கு சி டி ஈ டி, விரல் 5-4-3-4, இதையே ஒரு பாருக்கு நாலு தரம். முதல் இரண்டு பார் அப்படி. மூன்றும் நாலும் எஃப் ஜி ஏ ஜி. ஐந்தும் ஆறும் ஜி ஏ பி ஏ. ஏழில் மறுபடி சி டி ஈ டி, எட்டில் சி-யில் போய் நிற்பது. வலது கைக்கு ஒரு பாருக்கு ஒரு கார்டு, சி, எஃப், ஜி, சி, அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். எழுதி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழகி, அதையே டி மேஜரிலும் எஃப் மேஜரிலும் மாற்றி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

அடுத்த வாரம் வந்தார். விரல்கள் இன்னும் முழுதாகப் பிரியவில்லை, ஆனால் ஏழாவது பாரில் ஈ-க்குப் பதிலாக ஈ ஃபிளாட் போட்டிருந்தார், வலது கை கார்டையும் அதற்கேற்ப சி மைனராக மாற்றியிருந்தார். அந்த ஒரு பார் மட்டும் சட்டென்று இருட்டி, எட்டாவதில் மேஜருக்குத் திரும்பி வெளிச்சமாகிறது. ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். “சும்மா அடிச்சுப் பார்த்தேன் சார், அழகா இருந்துச்சு, அதான் விட்டுட்டேன்” என்றார். இப்போது அந்தக் குறை உள்ள மற்ற பிள்ளைகளுக்கும் அந்த ஈ ஃபிளாட்டோடுதான் எழுதிக்கொடுக்கிறேன்.